கறுப்புத் திரையைக் கண்டு பயமா? கமாண்ட் லைன் பழகலாம் வாங்க!

ஏதோ ஒரு தகவலைத் தேடி ஓர் இணையதளத்துக்குள் போகிறீர்கள். 'நீங்கள் ரோபோ இல்லை என்பதை உறுதி செய்யுங்கள்' என்று ஒரு கட்டம் வருகிறது. வழக்கமாக டிராஃபிக் சிக்னல் படத்தையோ, பஸ் படத்தையோ தொடச் சொல்லும். இந்தத் தடவை மூன்று வேலைகளைச் செய்யச் சொல்கிறது. விண்டோஸ் பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்த வேண்டும். பிறகு கன்ட்ரோல், 'வி'. கடைசியாக என்டர். அவ்வளவுதான், சுலபம்!

சுலபம்தான். ஆனால், அந்த மூன்று தட்டல்களில் என்ன நடந்தது தெரியுமா? முதல் தட்டல், கட்டளை வாங்கும் 'ரன்' பெட்டியைத் திறந்தது. அந்த இணையதளம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு வரியைக் காப்பி செய்து வைத்திருந்தது. இரண்டாவது தட்டல் அதை அங்கே ஒட்டியது. மூன்றாவது தட்டல் அந்தக் கட்டளையை ஓடவிட்டது. பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைத் திருடும் மென்பொருள் உங்கள் கையாலேயே கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிட்டது.

'கிளிக்ஃபிக்ஸ்' என்று சைபர் பாதுகாப்பு நிபுணர்கள் பெயர் வைத்திருக்கும் இந்த மோசடி, 2024-ம் ஆண்டு முதல் உலகம் முழுக்கப் பரவிவருகிறது. இதில் திருடன் பூட்டை உடைக்கவே இல்லை. வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிடுகிறார். காரணம், தான் ஒட்டிய வரி என்ன சொல்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியவில்லை.

'கமாண்ட் லைன்' எனப்படும் அந்தக் கறுப்புத் திரை, சினிமாவில் ஹேக்கர்கள் பச்சை எழுத்துகளைப் பறக்கவிடும் சமாச்சாரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், அடிப்படைகளைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு இது முதல் லேப் வகுப்பிலேயே தேவைப்படும். மற்றவர்களுக்கு, எதைத் தட்டக் கூடாது என்று தெரிந்துகொள்ளவாவது தேவைப்படும்.

மெனு கார்டும் சமையல் மாஸ்டரும்

ஓட்டலுக்குப் போகிறோம். மெனு கார்டில் இருப்பதைக் காட்டி 'இது ஒண்ணு' என்றால் வந்துவிடும். மவுஸ் வைத்து ஐகானை கிளிக் செய்வது அப்படித்தான். கார்டில் இருப்பதை மட்டும்தான் கேட்க முடியும்.

கமாண்ட் லைன் என்பது நேராக சமையல் மாஸ்டரிடம் பேசுவது. 'ரெண்டு ரவா தோசை, வெங்காயம் வேண்டாம், நல்லா முறுகலா, ஒண்ணு பார்சல்' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். மாஸ்டர் செய்துவிடுவார். ஆனால் இந்த மாஸ்டர் உங்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்கிற ஆள் இல்லை. சொன்னதை மட்டும், சொன்னபடியே செய்கிறவர். தப்பாகச் சொன்னால், தப்பாகவே செய்துவிடுவார்.

இங்கே இரண்டு பெயர்கள் அடிக்கடி காதில் விழும். 'டெர்மினல்' என்பது நீங்கள் பார்க்கும் ஜன்னல். அதற்குள் உட்கார்ந்து நீங்கள் டைப் செய்வதைக் கேட்டு வேலையை முடிக்கும் புரோகிராமுக்குப் பெயர் 'ஷெல்'. கண்சிமிட்டிக்கொண்டே ஒரு கோடு நிற்கிறதே, 'சொல்லுங்க, கேட்கிறேன்' என்று அர்த்தம்.

ஏன் இவ்வளவு சுருக்கமான பெயர்கள்?

புதிதாகப் பழகுகிறவர்களை முதலில் குழப்புவது கட்டளைகளின் பெயர்கள். 'எல்.எஸ்', 'சி.பி', 'எம்.வி', 'ஆர்.எம்' என்று எல்லாமே இரண்டு எழுத்து இனிஷியல்கள் மாதிரி இருக்கும். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு.

1969-ம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் 'யுனிக்ஸ்' என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். அப்போது அவர்கள் முன்னால் இருந்தது இப்போதைய மானிட்டர் அல்ல. டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரம். கீயை அழுத்தி அழுத்தித் தட்ட வேண்டும். பதில், காகிதச் சுருளில் அச்சாகி வரும். வேகம் விநாடிக்கு 10 எழுத்துகள்தான். 

அந்த நிலைமையில் யார் நீளமாக டைப் செய்வார்கள்? 'லிஸ்ட்' என்ற சொல் 'எல்.எஸ்' ஆனது. 'காப்பி' என்பது 'சி.பி' ஆனது. 'மூவ்', 'எம்.வி' ஆனது. 'ரிமூவ்', 'ஆர்.எம்' ஆனது. மெதுவான இயந்திரம் போய்விட்டது. அதற்காகச் சுருக்கிய பெயர்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன. 

டெலிடைப் காலத்தைப் போலவே இன்றும் தொடரும் இன்னொரு பழக்கம், மௌனம். 'உங்கள் ஃபைல் வெற்றிகரமாகக் காப்பி செய்யப்பட்டது' என்றெல்லாம் கமாண்ட் லைன் பாராட்டுவிழா நடத்தாது. வேலை சரியாக முடிந்தால், பெரும்பாலும் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். ஏதாவது பேசினால்தான் கவனிக்க வேண்டும். 'ஒண்ணுமே நடக்கலையே' என்று மறுபடியும் மறுபடியும் என்டர் தட்டுவது ஆரம்பத்தில் எல்லோரும் செய்வதுதான். 

எங்கே இருக்கிறது?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஸ்டார்ட் மெனுவில் 'பவர்ஷெல்' என்று தேடினால் கிடைக்கும். மேக் என்றால் 'டெர்மினல்'. லினக்ஸிலும் அதே பெயர்தான். கம்ப்யூட்டரே இல்லையா? ஆண்ட்ராய்டு போனிலேயே பழகலாம். 'எஃப்-டிராய்டு' என்ற ஆப் களஞ்சியத்தில் 'டெர்மக்ஸ்' என்ற இலவச ஆப் இருக்கிறது. போன் கீபோர்டில் டைப் செய்வது கொஞ்சம் சிரமம். ஆனால் கற்றுக்கொள்ளத் தாராளமாகப் போதும்.

லினக்ஸில் பெரும்பாலும் 'பேஷ்' என்ற ஷெல் இருக்கும். 1989-ல் பிரையன் ஃபாக்ஸ் என்பவரின் கைவண்ணத்தில் வெளிவந்தது. மேக்கில் 2019 முதல் 'இசட் ஷெல்' வருகிறது. கீழே வரும் அடிப்படைக் கட்டளைகள் இந்த இரண்டுக்கும் பொது. பவர்ஷெல்லிலும் இதே பெயர்கள் வேலை செய்யும்.

முதல் வாரத்துக்கு எட்டு கட்டளைகள்

இவை எல்லாவற்றையும் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில், புள்ளி இல்லாமல் டைப் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு என்டர்.

* பி.டபிள்யூ.டி: நமக்கு இந்த மூன்று எழுத்து என்றால் பொதுப்பணித் துறைதான் ஞாபகத்துக்கு வரும். இங்கே அர்த்தம் வேறு. 'நான் இப்போது எந்த ஃபோல்டருக்குள் நிற்கிறேன்?' என்று கேட்கும் கேள்வி இது. வழி தவறினால் முதலில் தட்ட வேண்டியது இதைத்தான்.

* எல்.எஸ்: நிற்கும் இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போடும். டார்ச் அடித்துப் பார்ப்பது மாதிரி. எதையும் மாற்றாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் பயமில்லாமல் தட்டலாம்.

* சி.டி: பாட்டு கேட்கிற சி.டி இல்லை. ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு. இதன் பக்கத்தில் ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் உள்ளே போகும். பெயருக்குப் பதிலாக இரண்டு புள்ளி வைத்தால், ஒரு படி வெளியே வரும்.

* எம்.கே.டிஐஆர்: புதிய ஃபோல்டர் உருவாக்க.

* கேட்: பூனை இல்லை. ஒரு எழுத்து ஃபைலுக்குள் இருப்பதைத் திரையில் காட்ட.

* சி.பி: நகல் எடுக்க. முதலில் எதை, அடுத்து எங்கே என்று சொல்ல வேண்டும்.

* எம்.வி: இடம் மாற்ற. ஃபைலின் பெயரை மாற்றவும் இதுவேதான்.

* மேன்: 'மேனுவல்' என்பதன் சுருக்கம். இதன் பக்கத்தில் எந்தக் கட்டளையின் பெயரைக் கொடுத்தாலும், அதற்கான விளக்கப் புத்தகம் திறக்கும்.

ஆர்.எம் எங்கே என்று கேட்கிறீர்களா? அதைத் தனியாகப் பார்ப்போம். அது தனியாகப் பார்க்க வேண்டிய ஆள்தான்.

வினைச்சொல் முன்னால் வரும்

தமிழில் 'கதவைச் சாத்து' என்போம். வினைச்சொல் கடைசியில். கமாண்ட் லைனில் தலைகீழ். 'சாத்து, கதவை' என்று சொல்ல வேண்டும். முதல் சொல் எப்போதும் என்ன செய்ய வேண்டும் என்பது. நடுவில் ஹைஃபன் போட்டு வருகிற எழுத்துகள், எப்படிச் செய்ய வேண்டும் என்பது. கடைசியில், எதன் மேல் செய்ய வேண்டும் என்பது.

உதாரணத்துக்கு 'எல்.எஸ்' என்று மட்டும் தட்டினால் லினக்ஸில் வெறும் பெயர்கள் வரும். இடைவெளி விட்டு ஹைஃபனும் 'எல்' எழுத்தும் சேர்த்தால், ஒவ்வொரு ஃபைலின் அளவும் தேதியும் வரும். இந்த இலக்கணம் பிடிபட்டுவிட்டால், தெரியாத கட்டளை வந்தாலும் மூன்று துண்டாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். 

கல்யாண போட்டோக்களைப் பிரிக்கலாமா?

இதன் பலன் எங்கே தெரியும் என்றால், வேலை அதிகமாக இருக்கும்போதுதான். ஒரே ஃபோல்டரில் கல்யாண போட்டோக்கள், வீடியோக்கள், மண்டப ரசீது பி.டி.எஃப் என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. ஆயிரம் ஃபைல். மவுஸ் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

கமாண்ட் லைனில் இரண்டே வரி. எம்.கே.டிஐஆர் போட்டு ஒரு புது ஃபோல்டர். பிறகு எம்.வி, இடைவெளி, நட்சத்திரக் குறி, அதை ஒட்டிப் புள்ளியும் 'ஜேபிஜி'யும், மறுபடி இடைவெளி, புது ஃபோல்டரின் பெயர். என்டர். 'பெயர் எதுவாக இருந்தாலும் சரி, கடைசியில் ஜேபிஜி என்று முடிகிற எல்லாவற்றையும் அங்கே அனுப்பு' என்று அர்த்தம். ஒரு ஃபைலாக இருந்தாலும் ஆயிரமாக இருந்தாலும் அதே ஒரு வரிதான்.

ஆனால் முதல் தடவையே அசல் போட்டோக்களில் கை வைக்கக் கூடாது. தனியாக ஒரு பயிற்சி ஃபோல்டர் உருவாக்கி, அதில் பத்து போட்டோ நகல்களைப் போட்டுச் செய்து பார்க்க வேண்டும். எம்.வி-க்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. போகிற இடத்தில் அதே பெயரில் இன்னொரு ஃபைல் இருந்தால், லினக்ஸிலும் மேக்கிலும் பொதுவாகக் கேட்காமலேயே அதன் மேல் எழுதிவிடும். ஹைஃபனும் 'ஐ' எழுத்தும் சேர்த்துத் தட்டினால், மாற்றி எழுதும் முன் அனுமதி கேட்கும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள்

* ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் தகராறு. 'அக்கா கல்யாணம்' என்ற பெயரை ஷெல் 'அக்கா' ஒன்று, 'கல்யாணம்' ஒன்று என இரண்டாகப் படிக்கும். முழுப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் போட்டால் சரியாகிவிடும்.

* லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. 'போட்டோஸ்' என்பதன் முதல் எழுத்தைப் பெரிதாக எழுதினால் அது வேறு ஃபோல்டர்.

* லினக்ஸில் 'சூடோ' என்று தொடங்கும் கட்டளைகள் பாஸ்வேர்டு கேட்கும். டைப் செய்தால் திரையில் நட்சத்திரம்கூட வராமல் இருக்கலாம். கீபோர்டு கெட்டுப்போகவில்லை. பக்கத்தில் இருப்பவர் எழுத்துகளை எண்ணக் கூடாது என்பதற்காக அப்படி. டைப் செய்து என்டர் தட்டினால் போதும்.

* 'மேன்' போட்டு உள்ளே போனவர்கள் வெளியே வரத் தெரியாமல் ஜன்னலையே மூடிவிடுவார்கள். 'க்யூ' எழுத்தைத் தட்டினால் வெளியே வந்துவிடலாம்.

* ஏதோ ஒரு கட்டளை நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறதா? கன்ட்ரோலும் 'சி'யும். மற்ற இடங்களில் அது காப்பி. இங்கே பெரும்பாலும் 'நிறுத்து'.

* முழுப் பெயரையும் டைப் செய்து கஷ்டப்பட வேண்டாம். முதல் இரண்டு, மூன்று எழுத்துகளைப் போட்டு 'டேப்' கீயைத் தட்டினால் மிச்சத்தை அதுவே நிரப்பும். மேல் அம்புக்குறியை அழுத்தினால், முன்பு தட்டிய கட்டளை திரும்ப வரும். 

தமிழிலும் ஃபைலுக்குப் பெயர் வைக்கலாம். என்ன ஒன்று, சில டெர்மினல்களில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். எழுத்துக்கு ஒரு கட்டம் என்று ஆங்கிலத்துக்காக அளந்து வைத்த திரை அது. ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. பார்ப்பதற்குத்தான் அப்படி.

ஆர்.எம்: குப்பைத்தொட்டி கிடையாது!

மவுஸில் ஒரு ஃபைலை அழித்தால் 'ரீசைக்கிள் பின்'னுக்குப் போகும். மனசு மாறினால் எடுத்துக்கொள்ளலாம். ஆர்.எம் கட்டளையில் அந்த வசதி இல்லை. போனால் போனதுதான்.

இதன் விலை என்ன என்பதை பிக்ஸார் நிறுவனம் 1998-ல் பார்த்தது. குழந்தைகளுக்குப் பிடித்த 'டாய் ஸ்டோரி 2' படம் தயாராகிக்கொண்டிருந்த நேரம். படத்தின் ஃபைல்கள் இருந்த கம்ப்யூட்டரில் யாரோ ஆர்.எம் கட்டளையை, எல்லாவற்றையும் கேட்காமல் அழிக்கும்படி, தவறான இடத்தில் நின்று தட்டிவிட்டார்கள். தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்த ஓரன் ஜேக்கப்பும் உடன் இருந்தவர்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கதாபாத்திரங்களின் ஃபைல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. இயந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கச் சொல்லி போனில் கத்தினார்கள். அதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது. சரி, பேக்கப் இருக்குமே என்று பார்த்தால், அதுவும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை.

காப்பாற்றியது ஒரு கைக்குழந்தையின் அம்மா. தொழில்நுட்பப் பிரிவின் மேற்பார்வையாளர் கேலின் சஸ்மன், பிரசவத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காக, படத்தின் நகலை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்துப் பத்திரமாக ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். படம் 1999 நவம்பரில் வெளியானது.

பிக்ஸாரில் இருந்தவர்கள் கத்துக்குட்டிகள் இல்லை. அதனால்தான் ஆர்.எம் விஷயத்தில் அனுபவசாலிகளும் மூன்று பழக்கங்களைக் கைவிடுவதில்லை. முதலில் பி.டபிள்யூ.டி தட்டி, எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பது. அடுத்து, எதை அழிக்கப் போகிறோமோ அதே நட்சத்திரக் குறியை எல்.எஸ் கட்டளையில் போட்டு, எந்தெந்த ஃபைல்கள் மாட்டுகின்றன என்று பார்ப்பது. மூன்றாவது, நகல் ஒன்று வேறு இடத்தில் பத்திரமாக இருக்கிறதா, அது உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்ப்பது.

ஒட்டும் முன் படியுங்கள்

இப்போது பலரும் சந்தேகம் வந்தால் ஏ.ஐ-யிடம் கேட்கிறார்கள். அது ஒரு வரியைக் கொடுக்கும். அப்படியே காப்பி செய்து ஒட்டத் தோன்றும். நல்ல ஆசிரியர்தான், ஆனால் உங்கள் கம்ப்யூட்டரில் எந்த ஃபோல்டரில் எது இருக்கிறது என்று அதற்குத் தெரியாமல் இருக்கலாம். எனவே, ஒட்டும் முன் முதல் சொல் என்ன, ஹைஃபன் எழுத்துகள் என்ன, கடைசியில் இருப்பது என்ன என்று பிரித்துப் படிக்க வேண்டும். புரியாத துண்டை மேன் கட்டளையில் தேடலாம். 'இந்த வரியில் ஒவ்வொரு துண்டும் என்ன செய்கிறது?' என்று அந்த ஏ.ஐ-யிடமே திருப்பிக் கேட்கலாம். அப்படியும் புரியவில்லை என்றால், தட்டக் கூடாது.

இணையதளங்கள் விஷயத்தில் இதைவிட எளிய விதி இருக்கிறது. நிஜமான ரோபோ பரிசோதனை எதுவும் உங்களை பிரவுசருக்கு வெளியே போய் ஒரு வரியை ஒட்டச் சொல்லாது. அப்படிச் சொன்னால், அந்தப் பக்கத்தை மூடிவிட வேண்டியதுதான். 

ஏற்கெனவே தட்டியாகிவிட்டது என்றால் பதற வேண்டாம், தாமதிக்கவும் வேண்டாம். உடனே இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ இருந்து மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வங்கிக்குத் தகவல் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். அந்தக் கம்ப்யூட்டரைத் தெரிந்தவர் பார்த்துச் சுத்தம் செய்யும் வரை பணப் பரிவர்த்தனைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

தமிழிலேயே படிக்கலாம்

இங்கிலீஷ் தெரிந்தால்தான் இதெல்லாம் வரும் என்பது பாதி உண்மைதான். கட்டளைகள் ஆங்கிலம். விளக்கம் தமிழிலேயே கிடைக்கிறது. 'கணியம்' தளத்தில் து.நித்யா எழுதிய 'எளிய தமிழில் ஜி.என்.யூ லினக்ஸ்' மின்னூலை இலவசமாகவே டவுன்லோடு செய்யலாம்.

வீட்டுப் பரணில் பழைய அரசு இலவச லேப்டாப் கிடக்கிறதா? 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கொடுக்கப்பட்ட பல லேப்டாப்களில், விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக் மையத்தில் உருவானது அது. பேட்டரி போயிருந்தாலும் சார்ஜரில் போட்டு ஓடினால் போதும், பழகுவதற்கு அதுவே ஏற்ற கருவி. அதில் முக்கியமான ஃபைல் ஏதாவது இருந்தால் மட்டும் முதலில் பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள்.

தினமும் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதல் இரண்டு நாள் பி.டபிள்யூ.டி, எல்.எஸ், சி.டி மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் நடந்து பாருங்கள். அடுத்த இரண்டு நாள் எம்.கே.டிஐஆர், கேட், சி.பி, எம்.வி. ஐந்தாம் நாள் மேன். மிச்ச நாட்களில் பயிற்சி ஃபோல்டரில் போட்டோக்களைப் பிரிக்கலாம். ஆர்.எம்-ஐ அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

பழகி முடித்ததும் ஜன்னலை எப்படி மூடுவது என்கிறீர்களா? 'எக்ஸிட்' என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொள்ளும்.